நாற்பத்தெட்டு வினைச்சொற்கள்

பிரிசில்லாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அவருக்கு ஜெர்மன் சொல்லித்தந்த குழலிக்கு இருபத்தேழு. திருச்சியில் ஒரு மருந்துக்கடை மாடியில் வகுப்பு. இதில் யார் குரு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

பிரிசில்லா நர்ஸ். ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி அவருக்காக ஒரு வேலையை வைத்திருந்தது. அதுவும் இந்த மாதம் முடியும்வரைதான். அதற்குத் தேவையான ஜெர்மன் பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. சனிக்கிழமை மூன்றாவது.

"என்ன படிச்சீங்க அக்கா?"

"நாற்பத்தெட்டு வினைச்சொல் மிஸ். எதிர்ல இருக்கறவரை 'உங்களை'ன்னு சொல்லாம 'உங்களுக்கு'ன்னு சொல்லணுமே, அதெல்லாம். உதவறது, நன்றி சொல்றது, பதில் சொல்றது. ஒருத்தர் பின்னால போறதுக்குக்கூட 'உங்களுக்கு'தானாம். என்ன பாஷையோ."

"தப்பு வருதா?"

"ஒண்ணுகூட வராது. தலைகீழா ஒப்பிப்பேன். அப்புறம் ஏன் மிஸ் என்னை ஃபெயில் ஆக்கறாங்க?"

குழலி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தேர்வுல உங்களோட ஜோடியா பேச வர்றவர்னு என்னை நெனச்சுக்கோங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பிறந்தநாள் விழாவுக்குத் திட்டம் போடணும்."

குழலி ஜெர்மனில் இரண்டு வாக்கியம் பேசினாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிரிசில்லா மரியாதையாகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கேக்கைப் பற்றித் தயாராக வைத்திருந்த வாக்கியத்தைப் பிசிறில்லாமல் சொல்லி முடித்தார்.

"நான் திணறுனதைப் பார்த்தீங்களா அக்கா?"

"பார்த்தேன் மிஸ்."

"வார்டுல ஒருத்தர் இப்படித் திணறுனா?"

பிரிசில்லாவுக்கு வெட்கமாகிவிட்டது. இருபது வருஷ சர்வீஸ். தலையைக் குனிந்துகொண்டே நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் தேர்விலிருந்து நேரே மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"என் ஜோடி சேலத்து எலக்ட்ரீஷியன் மிஸ். பாதியில அப்படியே நின்னுட்டார். அடுத்து நான் சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில இருந்துச்சு. அதை விட்டுட்டு, 'பதறாதீங்க, நான் உதவறேன்'னு சொன்னேன்."

"சரி."

"சரியில்ல மிஸ்." அவர் குரல் இறங்கியது. "அவசரத்துல 'உங்களுக்கு'ன்னு சொல்லாம 'உங்களை'ன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். நாற்பத்தெட்டுல முதல் சொல்லே 'உதவறது'தான். பரீட்சை வைக்கற அம்மாகூட ஏதோ எழுதுனாங்க."

"எலக்ட்ரீஷியன் என்ன செஞ்சார்?"

"என்னைப் பார்த்தார். தண்ணி குடிச்சார். அப்புறம் பேச ஆரம்பிச்சுட்டார் மிஸ். கேக் வேணாம், பிரியாணி போடலாம்னார். ஜெர்மன்காரங்க காரம் தாங்குவாங்களான்னு கேட்டேன். மணி அடிச்சும் ரெண்டு பேரும் பேசிட்டே இருந்தோம்."

குழலி தப்பு திருத்தும் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"ஜெர்மனிக்குப் பெட்டியை அடுக்க ஆரம்பிங்க அக்கா."