வைக்கோல் முயலும் முள்ளுக்காட்டு நரிகளும்

முள்ளுக்காட்டில் ஒரு நரிக்கூட்டம் வாழ்ந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்த நரியின் வாய் இரைமேல் முதலில் படுகிறதோ, தொடைக்கறி முழுக்க அதற்குத்தான். மற்றவர்களுக்கு மிச்சம். அதுவும், மிச்சம் இருந்தால்.

சட்டத்தைக் கொண்டுவந்தவர் தலைவர் உறுமியார். காட்டிலேயே வேகமாக ஓடக்கூடியவராக அவர் இருந்த காலத்தில் கொண்டுவந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதனால் என்ன ஆயிற்று? எங்காவது ஒரு முயல் கத்தினால், கேட்ட நரி யாரிடமும் மூச்சு விடாது. ஒரு கொட்டாவி விடும். முதுகை நெளித்துக்கொள்ளும். "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நழுவிவிடும்.

அந்தக் கோடையில் அப்படித் தண்ணீர் குடிக்கப் போன மூன்று நரிகள் திரும்பி வரவேயில்லை.

"மலைக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் பேசப் போயிருப்பாங்க," என்றார் உறுமியார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். செவலை மட்டும் ஆட்டவில்லை. அவள் இளம் நரி. சமாதானம் சொன்னால் சமாதானம் ஆகாத ரகம்.

"மூணு பேரும் தண்ணி குடிக்கப் போறதாத்தானே சொன்னாங்க பெரியப்பா? தண்ணிக்குப் போனவங்க எப்படிச் சம்பந்தத்துக்குப் போனாங்க?"

"வழியில மனசு மாறியிருக்கும்."

"மூணு பேருக்குமா? அதுல ஒருத்தருக்குப் பெண்டாட்டி இங்கே குட்டியோட கிடக்கா. அவருக்கு இன்னொரு சம்பந்தமா?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி. இப்படியே பேசிட்டிருந்தா உன்னை எவன் கட்டுவான்?"

"இப்போ பேச்சு என் கல்யாணத்தைப் பத்தியா, காணாமப் போனவங்களைப் பத்தியா?"

உறுமியார் காதைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். கூட்டம் கலைந்தது.

செவலையின் கோபத்துக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. அவளுக்கு நொறுக்கன் என்று ஒரு தம்பி. வண்டு, ஓணான், யாரோ தொலைத்த செருப்பு, எது கிடைத்தாலும் நொறுக்குவான். தின்னும் நேரத்தில் இடி விழுந்தாலும் அவன் காதில் ஏறாது. நாலாவதாகக் காணாமல் போகிறவன் இவனாகத்தான் இருப்பான் என்று அவளுக்கு உள்ளூர அடித்துக்கொண்டது.

ஒருநாள் விடியும் நேரம். கிழக்கே ஒரு முயல் வீறிட்டது.

செவலை காதைக் கூர்மையாக்கினாள். கத்தல் நின்றது. மறுபடி அதே ராகத்தில் வந்தது. மறுபடி நின்றது, மறுபடி வந்தது. சுருதி கொஞ்சமும் இறங்கவில்லை.

'அடிபட்ட முயல் இவ்வளவு நேரமா கத்தும்? இத்தனை தெம்பு இருந்தால் எழுந்து ஓடியிருக்குமே!'

தம்பியிடம் சொல்லலாம் என்று திரும்பினாள். அவன் படுத்திருந்த இடம் காலி. பாவி, தண்ணீர் குடிக்கப் போவதாகக்கூடச் சொல்லாமல் போயிருந்தான்.

செவலை ஓடினாள்.

நரிகளுக்கு ஒரு வழக்கம். இரையை நோக்கி நேராகப் போக மாட்டார்கள். ஒரு சுற்றுச் சுற்றி, இரையின் வாசனை முகத்தில் வந்து மோதும் பக்கமாகப் போய், அங்கிருந்து நெருங்குவார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். செவலையின் கால்களும் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. பாதியில் நின்றாள்.

'நாம இந்தப் பக்கமாத்தான் வருவோம்னு நமக்குத் தெரியும். நமக்குத் தெரிஞ்சது வேற யாருக்கும் தெரியாதுன்னு யார் சொன்னது?'

அவள் எதிர்ப்பக்கம் போனாள். காற்று வாலில் அடித்தது. பிறந்ததிலிருந்து அவள் அப்படி நடந்ததே இல்லை. உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அங்கிருந்து பார்த்தபோது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு புதருக்குப் பின்னால் வேட்டைக்காரன் ஒருவன் குந்தியிருந்தான். வாயில் மூங்கில் ஊதல். அவன் ஊதினால் முயல் கத்தியது. அவன் கால் கட்டைவிரலில் கட்டிய நூல் ஒன்று தரையோடு போய் ஒரு குச்சியில் முடிந்தது. குச்சியில் ஒரு முயல்தோல். உள்ளே வைக்கோல் திணித்திருந்தது. அவன் விரலை அசைத்தால் வைக்கோல் முயல் காலை உதறியது.

நரிகள் வழக்கமாக வரும் பக்கம் முழுக்கச் சருகுக்கு அடியில் கம்பிக் கண்ணிகள். செவலை நின்ற பக்கம் ஒன்றுகூட இல்லை.

கண்ணி ஒன்றில் நொறுக்கனின் முன்னங்கால் மாட்டியிருந்தது.

வேட்டைக்காரன் அதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ஒன்று விழுந்தது அவனுக்குப் போதவில்லை. இன்னும் விழட்டும் என்று ஊதிக்கொண்டே இருந்தான். செவலை புதர்களின் மறைவில் வளைந்து போய், கண்ணிகளை ஒவ்வொன்றாக விலகித் தாண்டி, தம்பியின் பக்கத்தில் பதுங்கினாள்.

"ஏன்டா கத்தலை?"

"கத்தினா எல்லாரும் வந்துடுவாங்கக்கா. அப்புறம் முயல் எனக்குக் கிடைக்காது."

"உன் கால் கண்ணியில இருக்கு. இன்னும் முயலா?"

"பக்கத்துலதான் இருக்கு. நீ பின்னாலேர்ந்து கொஞ்சம் தள்ளினா எட்டிடும்."

"அது வைக்கோல்டா."

"வைக்கோல் காலை ஆட்டுமா? எனக்குக் கிடைக்கப் போகுதுன்னு உனக்குப் பொறாமை."

அறையலாம் போல இருந்தது. ஆனால் அவன் காலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. செவலை கம்பியைக் கடித்துப் பார்த்தாள். பல்தான் வலித்தது. கம்பியைக் கட்டியிருந்த முளை மண்ணில் ஆழமாக இறங்கியிருந்தது. தோண்டலாம். ஆனால் ஒருத்தியின் நகத்துக்கு அது உச்சி வெயில்வரை வேலை. அதுவரை வேட்டைக்காரன் பொறுத்திருப்பானா?

இரை கத்தும் இடத்தில் நரி ஊளையிடக் கூடாது. எவனும் இட்டதில்லை. செவலை தலையைத் தூக்கினாள்.

"எல்லாரும் வாங்க! தம்பி மாட்டிக்கிட்டான்!"

ஊளை முடியக்கூட இல்லை. புற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழுந்தது. ஆவாரம் செடியிலிருந்து ஒன்று. கள்ளி மறைவிலிருந்து இன்னொன்று. ஒரே புதரில் முதுகோடு முதுகாகப் பதுங்கியிருந்த இரண்டு நரிகள் ஒன்றையொன்று பார்த்து அலறின. மொத்தக் கூட்டமும் அங்கேதான் இருந்தது! ஒவ்வொருவரும் தனித்தனியாக, அடுத்தவருக்குத் தெரியாமல் வந்திருந்தார்கள்.

கடைசியாக, அடுத்த கண்ணிக்கு ஒரு சாண் தூரத்தில், வயிறு தரையில் பட நகர்ந்துகொண்டிருந்த உறுமியார் எழுந்து நின்றார்.

"நான் சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன்."

"வயித்தால ஊர்ந்தா காத்து வாங்குவாங்க பெரியப்பா?"

"இடுப்புப் பிடிச்சுக்கிச்சு."

"அதை அப்புறம் பேசிக்கலாம். அங்கேயே நில்லுங்க, முன்னால கண்ணி இருக்கு. எல்லாரும் நான் வந்த வழியா சுத்தி வந்து இந்த முளையைத் தோண்டுங்க."

"தோண்டினா முயல் யாருக்கு?" என்றது ஒரு குரல்.

"முதல்ல தோண்டு. அப்புறம் முயல்கிட்டயே கேட்டுக்கோ."

அதற்குள் வேட்டைக்காரன் ஊதலைப் போட்டுவிட்டு வலையோடும் தடியோடும் எழுந்துவிட்டான். இப்போதுதான் நொறுக்கனின் கண் முயலைவிட்டு நகர்ந்தது.

"அக்கா, என்னை விட்டுட்டுப் போயிடாதே."

செவலை போனாள். ஆனால் ஓடவில்லை. வேட்டைக்காரனின் முன்னால், அவன் நன்றாகப் பார்க்கும்படி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினாள். இரண்டு எட்டு வைத்து விழுந்தாள். முனகினாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள். அன்று காலைவரை அவளுக்கு நடிக்கத் தெரியாது. வைக்கோல் முயலைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

வேட்டைக்காரன் யோசித்தான். கண்ணியில் கிடப்பது எங்கே போய்விடும்? இந்த நொண்டி நரியைக் கையாலேயே பிடித்துவிடலாமே!

அவன் அவள் பின்னால் வந்தான். அவள் பக்கத்தில் கிடந்த குட்டைக்குள் இறங்கினாள்.

அந்தக் குட்டை மேலே வெடித்துக் காய்ந்து கிடக்கும். அடியில் இடுப்பளவு சேறு. நரியின் எடையைத் தாங்கும், மனுஷன் எடையைத் தாங்காது. அவன் ஒரு தரம் கீழே பார்த்திருந்தால், மாட்டுக் குளம்படி ஒன்றுகூட அங்கே இல்லையே என்று சந்தேகப்பட்டிருப்பான். அவன் கண்ணெல்லாம் நொண்டும் காலிலேயே இருந்தது.

பொளக்! இடுப்புவரை இறங்கிவிட்டான். தடி ஒரு பக்கம், வலை ஒரு பக்கம். கட்டைவிரல் நூலை அவன் அவிழ்த்திருக்கவில்லை. வைக்கோல் முயல் தரையெல்லாம் இழுபட்டு வந்து அவன் மூக்குக்கு முன்னால் மல்லாந்தது.

செவலை காலைக் கீழே ஊன்றி, நேராக நடந்து அக்கரை ஏறினாள்.

இந்தப் பக்கம் மொத்தக் கூட்டமும் சேர்ந்து தோண்டியதில் முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. நொறுக்கன் காலில் கம்பியோடு நொண்டி நொண்டி ஓடினான். எங்கே? நேராகக் குட்டைக்குத்தான். வேட்டைக்காரன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, முயலைக் கடித்தான். துப்பினான்.

"அக்கா, வைக்கோல்தான்."

"சொன்னேனா இல்லையா?"

நரிகள் கரையில் வரிசையாக உட்கார்ந்து வேட்டைக்காரனைப் பார்த்தார்கள். நரி முகத்தில் முழித்தால் யோகம் என்று ஊரில் சொல்வார்கள். அவனுக்கு ஒரு கூட்டத்தின் முகமே கிடைத்தது. ஆனால் யோகத்தைத்தான் காணோம். அவன் போட்ட கூச்சல் கேட்டு ஆடு மேய்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டே கயிற்றோடு வந்தபோது, நரிகள் காட்டுக்குள் போய்விட்டார்கள்.

நிழலில் உட்கார்ந்து, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூன்றாவது நரி பல்லால் நெம்பி நொறுக்கனின் காலிலிருந்து கம்பியைக் கழற்றியது. உறுமியார் தொண்டையைக் கனைத்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன், கிழக்குப் பக்கம் போகாதீங்கன்னு."

"எப்போ சொன்னீங்க?"

இந்தத் தடவை கேட்டது செவலை இல்லை. கூட்டம் முழுக்கக் கேட்டது.

போன மூவரும் திரும்பி வரவில்லை. அதை எந்தச் சிரிப்பும் மாற்றாது. ஆனால் அன்றே பழைய சட்டம் ஒழிந்தது. கத்தல் கேட்டவர் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும், கிடைத்ததைச் சேர்ந்து தின்ன வேண்டும் என்று ஆயிற்று. மழைக்காலத்தில் வேட்டைக்காரன் ஆட்டுக்குட்டிக் குரலோடு மறுபடி வந்தான். நரிகள் பாறைமேல் கூட்டமாக உட்கார்ந்து, அவன் தொண்டை வறளும்வரை கேட்டார்கள். ஒருவருக்கும் தண்ணீர்த் தாகம் எடுக்கவில்லை.

தனியாகத் தின்ன ஆசைப்படுகிறவர்களைத்தான் தனியாகப் பிடிக்க முடியும்.