கல்லுக்கு ஒரு கயிறு

"சாமி, இந்த வருசம் நான் கயிறு இழுக்க மாட்டேன்."

கஸ்பார் வாசலிலேயே நின்று சொன்னார். உள்ளே வரவில்லை. செருப்பையும் கழற்றவில்லை.

எங்கள் கோயில் பாதிரியார் தியோபிலுஸ் சாமி ஜன்னலோரம் உட்கார்ந்து அங்கிக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். கஸ்பாரின் மகன் வயசுதான் இருக்கும் சாமிக்கு. ஆனாலும் கஸ்பார் சாயங்காலமானால் அவரிடம்தான் போய்ச் சந்தேகம் கேட்பார். குருவுக்கு நரைத்திருக்க வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்?

"சரி, அண்ணாச்சி. இழுக்காதீங்க."

கஸ்பாருக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. கெஞ்சுவார் என்று நினைத்து வந்திருந்தார் மனுசன்.

என்ன கயிறு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஈஸ்டருக்குப் பீடத்தின் பக்கத்தில் ஒரு கல்லறை கட்டுவோம். மூங்கில், சாக்கு, சுண்ணாம்பு, கரி, அவ்வளவுதான் செலவு. மேலே வாயை மூடி ஒரு கல். அதுவும் மூங்கில் வளையத்தில் சாக்கைச் சுற்றிச் சாயம் அடித்ததுதான். சனிக்கிழமை ராத்திரித் திருவிழிப்புப் பூசையில் மணியெல்லாம் ஒன்றாக அடிக்கும்போது கல் விலகும். உள்ளேயிருந்து உயிர்த்த ஆண்டவர் சுரூபம் மெதுவாக மேலே எழும்பும். கல்லுக்கு ஒரு கயிறு, சுரூபத்துக்கு ஒரு கயிறு. திரைக்குப் பின்னால் நின்று இரண்டையும் இழுப்பவர் கஸ்பார். அவருக்கு மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அவர்தான்.

ஊருக்கே தெரியும். ஆனாலும் வருசா வருசம் ஊரே வாயைப் பிளக்கும். ஒரு தடவை சுரூபம் பாதி எழும்பும்போது கஸ்பார் தும்மித் தொலைத்துவிட்டார். ஆண்டவருக்கு ஜலதோசம் என்று பிள்ளைகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்படிப்பட்டவர்தான் இப்போது மாட்டேன் என்கிறார்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா சாமி?"

"சொல்லுங்க."

"வருசா வருசம் அவரை நான் எழுப்புதேன். இந்தா, இந்தக் கையால. என் மவனை எழுப்ப எவன் இருக்கான்?"

சாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ரெமிஜியுஸ் இறந்துட்டாரா, அண்ணாச்சி?"

கஸ்பாரின் முகம் சுண்டிப் போயிற்று.

"எவன் சொன்னான்? வள்ளம் கவுந்துது, அவ்வளவுதான். உடம்பு கெடச்சுதா? இல்லியே. வருவான்."

"வரப் போறவரை எதுக்கு எழுப்பணும்?"

கஸ்பார் திரும்பி நடந்தார். படியில் கால் இடறியது. விழவில்லை.

*

கஸ்பார் பாவம்தான். அவரைவிடப் பாவம் ஜெசிந்தா. ரெமிஜியுஸின் மனைவி.

ரெமிஜியுஸ் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இரண்டு வருசம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் யாரும் அழக்கூடாது. கஸ்பாரின் உத்தரவு. அழுதால் அவன் செத்துவிட்டான் என்று ஆகிவிடுமாம். செத்தவர்களுக்குச் சொல்லும் ஆத்தும இளைப்பாற்றிப் பூசை அவன் பேருக்கு இல்லை. கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை இல்லை. மத்தியானம் சோற்றுக்கு மூன்று தட்டு வைக்க வேண்டும். மூன்றாவது தட்டை ராத்திரி கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

ஜெசிந்தா வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. அதுவும் உத்தரவு. கோயிலுக்குக்கூட இல்லை. அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுவாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள்.

அவள் டீச்சருக்குப் படித்தவள். டவுன் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்மார் அவளை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஈஸ்டருக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே, எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

"மாமா, நான் போகட்டா?" என்று கேட்டாள்.

"நீ போயிட்டா? அவன் வந்து நின்னா யாரு கதவைத் தொறப்பா?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

*

பெரிய வியாழன் சாயங்காலம் கஸ்பார் மறுபடி போனார். கோபம் ஒரு பக்கம், கேட்காமல் இருக்க முடியாதது ஒரு பக்கம்.

"சாமி, ஒரே கேள்வி. அவரு நெசமாவே எழும்புனாரா?"

"எழும்புனாரு."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல."

"பின்ன எப்படி நம்புதீங்க?"

சாமி திருப்பிக் கேட்டார்.

"நாளைக்குக் கோயிலுக்குச் சிலுவையை முத்தஞ்செய்ய ஜெசிந்தா வருவாளா?"

"அது எங்க வீட்டு விசயம் சாமி."

"நீங்க கேட்டதுக்குத்தான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்."

கஸ்பாருக்குச் சுர்ரென்று ஏறியது. இவர் ஆண்டவரைப் பற்றிக் கேட்கிறார், அவர் மருமகளைப் பற்றிப் பேசுகிறார். படித்த சாமியார்களே இப்படித்தான் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

பெரிய வெள்ளிக்கிழமை ஜெசிந்தா வரவில்லை. கஸ்பாரும் வரவில்லை.

*

சனிக்கிழமை காலையில் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சவரிமுத்து கஸ்பார் வீட்டுக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணே, சாமி தானே கயிறு இழுக்கப் போறாராம். ஒத்திகை பார்க்காரு. சுரூபத்தை உடைச்சுப் போடுவாரு போல. ஒரு எட்டு வந்து பாருங்க."

"உடையட்டும். எனக்கென்ன?"

சொன்னாரே தவிர, சட்டையை மாட்டிக்கொண்டு முதலில் தெருவில் இறங்கியவர் கஸ்பார்தான். கை வேலைக்காரனுக்கு அது பொறுக்காது.

கோயிலில் வேறு யாருமில்லை. பின்னாலேயே வந்த சவரிமுத்து வாசலில் நின்றுகொண்டார். திரைக்குப் பின்னால் சாமியின் கால் மட்டும் தெரிந்தது.

கஸ்பார் முன்னால் வந்து, முதல் வரிசைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். இத்தனை வருசமும் பின்னால் நின்றவர். கல்லறையை முன்னால் நின்று பார்ப்பது அன்றைக்குத்தான்.

"இழுக்கட்டா, அண்ணாச்சி?"

"இழுங்க, இழுங்க."

கப்பி கிறீச்சிட்டது. உள்ளே சுரூபம் எழும்பியது. எழும்பி, கல்லில் போய் முட்டியது. நின்றுவிட்டது.

"சாமி! கல்லு! மொதல்ல கல்லுக் கயித்தை இழுக்கணும்!"

சாமி காதில் விழாத மாதிரி அதே கயிற்றை இன்னும் ஓங்கி இழுத்தார். மூங்கில் முனகியது. சாக்கு உள்ளேயிருந்து புடைத்தது.

தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்.

"அவரு எழும்ப மாட்டேங்காரே, அண்ணாச்சி."

"ஐயோ சாமி! அவரு எழும்பத்தான் செய்தாரு! கல்லை வச்சு அடைச்சிட்டு, எழும்பலன்னு அவரைக் குத்தம் சொன்னா எப்படி?"

கோயில் காலியாக இருந்ததால் அது நன்றாக எதிரொலித்தது. கஸ்பார் சொன்னது கஸ்பாருக்கே திரும்பி வந்தது.

அவர் கல்லறைக்குப் பக்கத்தில் போனார்.

கல்லின் விளிம்பில் ஒரு சின்ன இடைவெளி. அதற்குள் சுரூபத்தின் நெற்றி தெரிந்தது. சாக்கை முட்டிக்கொண்டு அப்படியே நின்றது. கஸ்பார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து சாமியின் குரல் மட்டும் வந்தது.

"கல்லுக் கயிறு எது, அண்ணாச்சி?"

கஸ்பார் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"அண்ணாச்சி?"

"கயித்தை இறக்குங்க சாமி," என்றார் கஸ்பார். "ராத்திரி நான் வாரேன். இப்ப வீட்டுல ஒரு வேலை கெடக்கு."

வாசல் வரை போனவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"திங்கக்கிழமை காலப் பூசைக்கு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"இல்ல."

"ரெமிஜியுஸ் பேரைப் போட்டுக்கிடுங்க."

"என்ன கருத்துக்குன்னு எழுதணும்?"

சவரிமுத்து அப்போது பக்கத்தில் நின்றிருந்தார். அவர்தான் எனக்குச் சொன்னார். கஸ்பார் இரண்டு தடவை வாயைத் திறந்தாராம், சத்தமே வரவில்லையாம். மூன்றாவது தடவைதான் வந்ததாம்.

"ஆத்தும இளைப்பாற்றிக்கு."

*

ஜெசிந்தா சோறு வடித்துவிட்டு மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தாள்.

கஸ்பார் கை கழுவினார். வந்து உட்கார்ந்தார். மூன்றாவது தட்டை எடுத்துப் பிள்ளையை ஏந்துவது மாதிரி மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் அதை அலமாரியில் வைத்தார்.

"மாமா?"

"திங்கக்கிழமை அவனுக்குப் பூசை சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அழுகை வந்துவிட்டது. பழக்கதோசம், சேலையை வாயில் திணித்துக்கொண்டாள்.

கஸ்பார் அந்தச் சேலைத் தலைப்பை வாயிலிருந்து இழுத்துவிட்டார்.

"அழு தாயி. நான்தான் அழ விடாம வச்சிருந்தேன். அழு."

அவள் அழுதாள். அம்மாடி, என்ன அழுகை! இரண்டு வருசத்து அழுகை. கஸ்பார் சுவரில் சாய்ந்து, மவனே மவனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தெருவே ஓடிவந்து வாசலில் நின்றது. யாரும் சமாதானம் சொல்லவில்லை. சேர்ந்து அழுதோம்.

எல்லாரும் போன பிறகு சோறு ஆறிக் கிடந்தது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டார்கள்.

"சிஸ்டர்மாருக்குப் போனைப் போடு," என்றார் கஸ்பார். "வாரேன்னு சொல்லு. திங்கக்கிழமை பூசை முடிஞ்சதும் நானே பஸ் ஏத்தி விடுதேன்."

ஜெசிந்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நம்பவில்லை.

"நெசமாத்தான் சொல்லுதேன்."

"நீங்க தனியா என்ன செய்வீங்க?"

"சமைச்சு சாப்பிடுவேன். உப்பு கூடினா கூடட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் இன்னும் காயவில்லை.

"ராத்திரி கோயிலுக்கு நீயும் வா," என்றார். "ரெண்டு கயிறு இருக்கு. கல்லுக் கயிறு எனக்கு. மத்தது நீ இழு. தும்மி மட்டும் தொலைச்சிராத."

அவள் தலையாட்டினாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், கதவைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா."

"சொல்லு."

"நான் போயிட்டா… அவங்க வந்து நின்னா யாரு கதவைத் தொறப்பா?"

கஸ்பார் எழுந்தார். முற்றத்தில் ரெமிஜியுஸின் பழைய நங்கூரக் கல் கிடந்தது. மூச்சுப் பிடித்து அதை வாசல் வரை உருட்டிக்கொண்டு வந்தார். கதவை அகலத் திறந்து, அது சாத்தாதபடி கல்லை முட்டுக் கொடுத்தார்.

"தொறந்தே கெடக்கட்டும் தாயி."