பெருச்சாளி அடைக்கச் சொன்ன பின்வாசல்

குளத்துக்கு மேற்கே இருந்த செம்மண் மேட்டில் வெள்ளெலித் தம்பதி புது வளை தோண்டிக்கொண்டிருந்தன. பெண் வெள்ளெலிக்கு நிறைமாதம். மழைக்கு முன்னால் வீடு முடிந்தாக வேண்டும். இல்லையென்றால் பிறக்கப்போகும் குஞ்சுகள் நனைந்தே செத்துப்போகும்.

பாதி வேலையில் பெருச்சாளி வந்து நின்றது. காட்டில் வளைகளைப் பார்வையிடும் அதிகாரி அதுதான். முதலில் வயிறு வந்தது, பின்னால் அது வந்தது.

"யாரைக் கேட்டு மண்ணைக் கிளறுறீங்க?"

ஆண் வெள்ளெலி கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டது. "சின்ன வளைதாங்க ஐயா."

"வளை சின்னதா இருந்தா சட்டமும் சின்னதாயிடுமா?"

"மண்ணைக் கொடுத்த சாமி, தோண்ட நகத்தையும் கொடுத்திருக்கு ஐயா," என்றது பெண் வெள்ளெலி. "அதுக்கு மேல யாரைக் கேட்கணும்?"

"சாமி நகம்தான் கொடுத்துச்சு. அனுமதி நான்தான் கொடுக்கணும்."

முன்பு ஒருமுறை யானைக்குட்டி ஒன்று வளையில் கால் சிக்கி விழுந்துவிட்டது. அதனால், தோண்டுகிறவர்கள் சொல்லிவிட்டுத் தோண்ட வேண்டும் என்று விலங்குகள் கூடி ஒரு விதி செய்தன. நல்ல விதிதான். ஆனால் அதைப் பெருச்சாளியிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். அது குட்டி போட்டுப் பெருகிவிட்டது.

பெருச்சாளி தன் வாலை நீட்டி வாசலை அளந்தது. எதை அளந்தாலும் அந்த வால்தான் அளவு.

"பாதி வால் அகலம்கூட இல்லையே? நான் எப்படி உள்ளே வந்து பார்க்கிறது? அகலமாக்கு."

"ஐயா, நீங்க வர்ற வாசல்ல பாம்பும் வருமே."

"வந்தா என்கிட்ட புகார் கொடு. விசாரிக்கிறேன்."

வேறு வழியில்லாமல் வாசலை அகலமாக்கின. மறுநாள் பெருச்சாளி உள்ளே வந்தது. மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த நிலக்கடலையைப் பார்த்ததும், தரம் பார்க்கிறேன் என்று தின்ன ஆரம்பித்தது. தின்றுகொண்டே வளையின் கோடிக்குப் போனது. அங்கே பின்வாசல் இருந்தது.

வெள்ளெலிகள் பின்வாசல் இல்லாமல் வீடு கட்டுவதில்லை. அதை மெல்லிய மண்ணால் மூடி வைத்திருக்கும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. ஆபத்து வந்தால் உள்ளிருந்து தலையால் ஒரு முட்டு முட்டிப் பாய்ந்துவிடலாம்.

"இது என்ன, திருட்டு வாசலா?"

"உயிர் பிழைக்கிற வாசல் ஐயா."

"ஒரு வீட்டுக்கு ஒரு வாசல்தான். களிமண் வைத்து அடை."

"உங்க வீட்டுக்கு எத்தனை வாசல் ஐயா?" என்று பெண் வெள்ளெலி பணிவாகக் கேட்டது. பேசாமல் இரு என்று கணவன் அதன் வாலை மிதித்தது.

"என் வீட்டுல இருக்கிறது வாசல் இல்லை. காற்றோட்டம்," என்றது பெருச்சாளி. "பின்வாசல் வேணும்னா குளத்து ஆமை ஐயாகிட்ட மனு கொடு."

ஆண் வெள்ளெலி குளத்துக்கு ஓடியது. ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "மழை முடியட்டும், பார்க்கலாம்," என்றது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

களிமண் பூசி வாசலை அடைத்தன. பெருச்சாளி அதன்மேல் காலால் ஓங்கி மிதித்துத் தன் தடத்தைப் பதித்தது. மிச்சக் கடலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கிளம்பியது.

அன்று மாலை ஆண் வெள்ளெலி மனைவியைப் பார்த்துத் திடுக்கிட்டது. "என்ன புள்ள, மூக்கெல்லாம் செம்மண்ணு?"

"பக்கத்துல வேற ஒரு வழி எடுத்தேங்க."

"அடிப்பாவி, யார்கிட்ட அனுமதி கேட்ட?"

"சாமிகிட்ட கேட்டேன். வேண்டாம்னு சொல்லலை."

குஞ்சுகள் நல்லபடியாகப் பிறந்தன. களிமண் காய்ந்து கல்லானது. பிறகு மழை வந்தது. பள்ளத்தில் இருந்த பொந்துகளில் தண்ணீர் ஏறியது. அங்கே குடியிருந்த சாரைப்பாம்பு பசியோடு மேட்டுக்கு ஏறியது.

புதுவீட்டுக்காரர்களிடம் தன் பங்கை வாங்கிப் போகலாம் என்று பெருச்சாளியும் மேடேறி வந்துகொண்டிருந்தது. பாம்பு அதைப் பார்த்துவிட்டது. பெருச்சாளி உருண்டு புரண்டு வெள்ளெலியின் வளைக்குள் வந்து விழுந்தது.

"சாரை! சாரை வருது! பின்வாசல் எங்கே?"

"நீங்கதானே ஐயா அடைக்கச் சொன்னீங்க?"

பெருச்சாளி போய்க் களிமண்ணில் முட்டியது. அதன் காலடித் தடத்திலேயே அதன் மூக்கு நசுங்கியது. பாம்போ அந்த அகல வாசலில் மாப்பிள்ளை போல நிதானமாக உள்ளே நுழைந்தது.

பெண் வெள்ளெலி பக்கத்துச் சுவரில் ஒரு முட்டு முட்டியது. மண் உதிர்ந்து வெளிச்சம் வந்தது. இரண்டும் குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்து, புல்லில் இறக்கி வைத்தன. பின்னாலேயே பெருச்சாளியின் தலை வந்தது. வயிறு வரவில்லை.

"ஏம்மா, கொஞ்சம் அகலமாக்கு தாயே!"

"அதுக்கு மனு கொடுக்கணுமே ஐயா. ஆமை ஐயா மழை முடிஞ்சுதான் பார்ப்பாராம்."

"சட்டமாவது, மண்ணாவது. இழும்மா!"

பெருச்சாளி தின்றது எல்லாம் தன் பிள்ளைகளுக்கு வைத்திருந்த கடலை என்று பெண் வெள்ளெலிக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளை பெற்ற மனசு கேட்கவில்லை. அது ஒரு பக்கத்து மீசையைப் பிடித்தது. கணவன் காதைப் பிடித்தது. இரண்டும் இழுத்த இழுப்பில் பெருச்சாளி வெளியே வந்து விழுந்தது.

வால் மட்டும் பாம்பின் வாயோடு போய்விட்டது.

இப்போதும் பெருச்சாளிதான் அதிகாரி. ஆனால் அளக்க வால் இல்லை. புதிதாக வளை தோண்டுகிறவர்கள், "ஐயா, வாலை நீட்டி அளந்து பாருங்களேன்," என்று வேண்டுமென்றே கூப்பிடுகிறார்கள். அது முன்வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "பின்வாசல் அகலமா இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறது.

அடுத்தவர் உயிர் பிழைக்கிற வழியை அதிகாரத்தால் அடைக்கிறவன், தன் உயிருக்கு ஓடும் நாளில் அந்தச் சுவரிலேயே போய் முட்டிக்கொள்வான்.