அசையாத பச்சைக் கோடு

“இனி ஏத்த இடமே இல்லை டீச்சர். நான் என்னத்தைச் செய்ய?”

மாசிலாமணி இப்படிக் கேட்டபோது, லேப்டாப்பில் பிச்சம்மாளின் குரலைக் காட்டும் கோடு உச்சியில் முட்டிச் சிவந்து நின்றது. அரங்கத்து ஸ்பீக்கர் பெட்டிகள் ஊளையிட்டன. முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று காலமெல்லாம் மைக் செட் போட்ட மனுஷர் அவர். தலை நரைத்த பிறகு, சத்தத்தைக் கம்ப்யூட்டரில் ஆளுகிற வித்தையைப் படிக்க எஸ்தரிடம் வந்து சேர்ந்தார். எஸ்தருக்கு அவருடைய மகள் வயசுதான். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். அதில் ரெண்டு பேருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது.

மேடையில் பிச்சம்மாளின் வில்லுப்பாட்டு. தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு இதுதான் முதல் மேடை.

“கடைசி வரிசைக்கு என் குரல் கேக்கலைன்னா, இன்னையோட வில்லை இறக்கி வச்சிருவேன்.” காலையில் அந்த அம்மா மாசிலாமணியிடம் சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான்.

மாசிலாமணி விரலை மடக்கி எண்ணினார்.

“குடக்காரர் கேட்டார், கூட்டினேன். உடுக்கைக்காரர் கேட்டார், கூட்டினேன். அம்மாவுக்கும் கூட்டினேன். பின்ன ஏன் டீச்சர் அவங்க குரல் மட்டும் முங்கிப்போகுது?”

“அவங்க காலடிப் பெட்டியில என்ன ஓடுது?”

மேடையில் வாசிக்கிறவர்கள் கேட்டுக்கொள்ள, ஆளுக்கொரு சின்னப் பெட்டி காலடியில் இருக்கும்.

“அவங்கவங்க வாத்தியம்தான். வேற என்னத்தை வைப்பாங்க?”

எஸ்தர் மவுசுக்குக் கையை நீட்டினாள். குடக்காரரின் பெட்டியிலிருந்து குடத்தின் சத்தத்தை எடுத்தாள். உடுக்கைக்காரரின் பெட்டியிலிருந்து உடுக்கையின் சத்தத்தை எடுத்தாள். எல்லாப் பெட்டியிலும் பிச்சம்மாளின் குரலை மட்டும் வைத்தாள்.

“ஐயையோ! மேடையில இருந்தே வையப்போறாங்க டீச்சர்!”

குடக்காரர் வெடுக்கென்று திரும்பி முறைத்தார். ஓங்கின கை அப்படியே நின்றது.

அன்றைக்கு அப்போதுதான் பிச்சம்மாளின் குரல் அவர் காதில் விழுந்தது. கீறல் விழுந்த குரல், நூலாய் இழுபட்டு அவர் காலடியில் வந்துகொண்டிருந்தது.

அவர் முகமே மாறிப்போயிற்று. கை இறங்கியது, தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. உடுக்கை விரல் நுனிக்கு வந்தது. ஜால்ரா அடங்கியது.

எஸ்தர் சிவந்த கோட்டை இறக்க ஆரம்பித்தாள்.

“இறக்காதீங்க டீச்சர்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

அவள் இறக்கினாள். சிவப்பு போய் மஞ்சள், மஞ்சள் போய்ப் பச்சை. ஊளை நின்றது. அரங்கத்தில் யாரோ எழுந்து போய் ஃபேனை அணைத்தார்கள். அவள் இன்னும் இறக்கினாள், அடி வரைக்கும்.

பச்சைக் கோடு அசையவில்லை. அங்கே குரலே இல்லை என்றது திரை.

மாசிலாமணி பதறிப்போய்க் கடைசி வரிசைக்கு ஓடினார்.

அங்கே குரல் இருந்தது.

ஒவ்வொரு சொல்லும் இருந்தது. சொல்லுக்கு நடுவில் அந்த அம்மா மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. இருமலை அடக்கிக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அரங்கத்துப் பெட்டி இல்லாமல் ஒரு குரல் இத்தனை தூரம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

மேடையிலிருந்து பிச்சம்மாளின் கண்கள் கடைசி வரிசையைத் தேடின. பாட்டை நிறுத்தாமல், அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

மாசிலாமணி ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பழக்க தோஷம், கை மவுசுக்குப் போயிற்று.

“டீச்சர், இப்ப நான் எதை ஏத்த?”

எஸ்தர் உதட்டில் விரலை வைத்தாள்.