செவலை ஒளித்த பூட்ஸ்

காட்டுக் குளத்தின் கரையில் வனக்காவலர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே முத்துப்பேச்சி என்ற வனக்காவலரோடு செவலை என்ற நாய் வாழ்ந்தது. காலையில் அவள் பூட்ஸைக் கையில் எடுத்ததுமே செவலைக்கு உடம்பு நடுங்கும். அவள் ரோந்துக்குப் போனதும் கதவைப் பிறாண்டும். மத்தியானம் வரை ஊளையிடும்.

“தினமும் எழவு வீடு மாதிரி இருக்கிறது,” என்றது குளத்து நீர்க்கோழி. “நானும்தான் குஞ்சுகளை விட்டுவிட்டு இரை தேடப் போகிறேன். அவை இப்படியா கத்துகின்றன?”

“நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அவற்றுக்குத் தெரியும், அக்கா. இவள் வராமல் போய்விட்டால்?”

“இதுவரை என்றைக்காவது வராமல் இருந்தாளா?”

செவலை பாதையைப் பார்த்து மறுபடி ஊளையிட்டது.

வேலியோரம் படுத்திருந்த கீரி சலிப்போடு தலையைத் தூக்கியது. “உன்னால் என் தூக்கம் போகிறதடா. ஒரு வழி சொல்கிறேன். பூட்ஸ் இல்லாமல் அவள் காட்டுக்குள் கால் வைப்பாளா?”

அன்று மாலையே செவலை ஒரு பூட்ஸைக் கவ்விக்கொண்டு போய், கறையான் புற்றுக்குப் பின்னால் புதைத்தது.

மறுநாள் முத்துப்பேச்சி கட்டிலுக்கு அடியிலும் விறகுக் குவியலிலும் தேடினாள். செவலை ஒன்றும் அறியாததுபோல் வாலை ஆட்டியபடி அவள் பின்னாலேயே திரிந்தது. ஆனால் அது காட்டுத்தீ பிடிக்கும் கோடைக்காலம். ரோந்தை நிறுத்த முடியாது. அவள் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் இரண்டு காவலர்கள் அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். முள் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் இறங்கியிருந்தது. பாதம் கன்றிப்போய் வீங்கியிருந்தது.

“பகல் பூரா தனியாக் கிடந்தியாடா? பசிக்குதா?” என்று அவள் செவலையின் தலையைத் தடவினாள்.

அவள் ஒரு அடி போட்டிருந்தால் செவலை தாங்கியிருக்கும். இதைத் தாங்க முடியவில்லை. விடிந்ததும் புற்றுக்குப் பின்னால் தோண்டி, பூட்ஸை அவள் காலடியில் போட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டது. பூட்ஸின் தோலில் இருந்த பல் தடங்களை அவள் பார்த்தாள். மண்ணைத் தட்டிவிட்டு அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

பத்து நாள் அவள் வீட்டோடு கிடந்தாள். செவலையோ குளத்தங்கரையிலேயே படுத்திருந்தது.

“நீ கேட்டது கிடைத்துவிட்டதே, பக்கத்தில் போய் உட்காரேன்,” என்றது நீர்க்கோழி.

“எந்த முகத்தோடு போவது, அக்கா?”

கால் ஆற ஆற முத்துப்பேச்சி நடந்து பழகினாள். முதல் நாள் வாசல் வரை போய்த் திரும்பினாள். அடுத்த நாள் வேலி வரை. பிறகு பாதை திரும்பி மறையும் இடம் வரை. அவள் மறையும்போதெல்லாம் செவலையின் தொண்டைக்குள் ஊளை முட்டியது. வெட்கம் அதை வெளியே விடவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் திரும்பி வந்தாள். முட்டுவதும் நாளுக்கு நாள் குறைந்தது.

பதினைந்தாம் நாள் அவள் மறுபடி ரோந்துக்குக் கிளம்பினாள். செவலை வாசலில் படுத்து, முன்னங்கால்கள்மேல் முகத்தை வைத்துக்கொண்டு, அவள் சற்றே நொண்டி நடந்து போவதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தது. குளக்கரையில் சத்தமே இல்லை.

திரும்பி வருவார் என்று நம்பத் தெரியாத பாசம், பாசம் வைத்தவரையே முடமாக்கும்.