மேலம்பும் கீழம்பும் பாதியான கதை

“யோவ், யாரைய்யா வெளியே போகச் சொல்றே?” என்று கத்தியது மேலம்பு. பக்கத்தில் கீழம்பு நின்றது.

அந்தக் காலத்தில் கீபோர்டில் இருந்த பொத்தான்களுக்கெல்லாம் வாய் இருந்தது. உடம்பும் முழுசாக இருந்தது. மேலே போக ஒன்று, கீழே போக ஒன்று, இடது வலது பக்கம் போகப் பக்கத்துக்கொன்று என்று அம்புகள் நான்கும் தனி இடத்தில் தடித்தடியாகக் குடியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாலும் சரியான ஆள்தான் அகப்படும்.

பிறகு வந்தது மடியில் வைக்கிற சின்ன லேப்டாப். பெரிய பலகையில் கால் நீட்டிக் கிடந்த அத்தனை பேரும் ஒரு தட்டுக்குள் அடங்க வேண்டும். யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்கிற வேலை திருவரசு என்பவனிடம் போனது. அவனிடம் ஒரு ஸ்கேல் இருந்தது. நேர்க்கோடு என்றால் அவனுக்கு உயிர். அதைத் தவிர அவனுக்கு என்ன தகுதி இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

முதல் மாதிரியை அவன் ஆவுடையக்காவிடம் காட்டினான். தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து சனங்களுக்கு மனு அடித்துக் கொடுப்பவள் அவள். அவளைப் போன்றவர்களுக்காகத்தான் அந்த லேப்டாப்பே.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. மவுசைக் கழட்டி வெச்சிடுங்க. இதை மடியில வெச்சு ஒரே ஒரு மனு அடிங்க. எதிர்ல ஒரு ஆள் நின்னு சொல்லணும், நீங்க அடிக்கணும். அப்புறமா யாருக்கு எவ்வளவு இடம்னு பாருங்க.”

“ஏங்க்கா, மடியில மவுசு வைக்கக் கூடாதா?”

“உங்க மடி அம்புட்டுப் பெருசா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திருவரசும் சிரித்து, “சரிக்கா, அடிச்சுப் பாக்கிறேன்” என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

வந்தவன் என்ன செய்தான்? மேசையில் உட்கார்ந்தான். வலது பக்கம் மவுசு. அச்சடித்த தாள் ஒன்றைப் பார்த்து அப்படியே அடித்தான். எந்தப் பொத்தானை எத்தனை தடவை தட்டினோம் என்று எண்ணி வைத்தான். தப்பு வந்தால் மவுசைத் தொட்டு அங்கே போய்விடுவான். அப்புறம் அம்புக்கு என்ன வேலை? இடது வலது அம்புகள் ஆளுக்கு நாலு தட்டு வாங்கித் தப்பித்தன. வலது ஷிப்டுக்கு இரண்டு. மேலம்புக்கும் கீழம்புக்கும் பூஜ்யம்.

“கடைசி வரிசையில ஒரு இடம்தான் மிச்சம். ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளியே போங்க” என்றான்.

அதற்குத்தான் மேலம்பு கத்தியது.

“தாளைப் பார்த்து அடிச்சா நாங்க எதுக்கு? மனு குடுக்க வர்றவங்க அப்படியா சொல்லுவாங்க? ‘மூணு வரி மேல எங்கப்பா பேரு தப்பு, மாத்துங்க’ம்பாங்க. மாத்தி முடிக்கிறதுக்குள்ள ‘கீழே சர்வே நம்பரும் தப்பு’ம்பாங்க. அக்கா நாள் பூரா எங்க தலையிலதான் ஏறி இறங்குறா. இந்த வலது ஷிப்ட் தடியனை யாரு தேடுறா? அவனைக் கொஞ்சம் குறைச்சா அங்கே எங்கள்ல ஒரு ஆள் நிக்கலாம்!”

வலது ஷிப்ட் சாய்ந்தபடியே சொன்னது: “பூஜ்யத்தைவிட ரெண்டு பெருசுதானே? கத்தாதே.”

“ஷிப்டைக் குறைக்க முடியாது. எண்டருக்கு நேர்க்கீழேதான் முடியணும். கோடு கோணினா அசிங்கம்” என்றான் திருவரசு. இடது வலது அம்புகள் வாயே திறக்கவில்லை. அவற்றுக்குத்தான் இடம் கிடைத்துவிட்டதே.

கீழம்பு மெதுவாகச் சொன்னது: “நீயே இரு. தப்பைத் தேடி எல்லாரும் மேலதானே போவாங்க.”

“போனவங்க திரும்பி வர வேணாமா? சும்மா இரு!” மேலம்பு திருவரசுவைப் பார்த்துத் திரும்பியது. “அந்த ஒரு இடத்துல நாங்க ரெண்டு பேரும் நிக்கிறோம். வேணும்னா பாதிப் பாதியா வெட்டிக்கோ. ஆனா அக்கா சொன்ன மனுவை அடிச்சுப் பார்த்துட்டு வெட்டு.”

“அடிக்கிறேன், அடிக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே அவன் வெட்டினான்.

வெட்டியதில் இரண்டுக்கும் வாய் போய்விட்டது. அதைப் பார்த்த மற்ற பொத்தான்களும் பயந்து வாயை மூடிக்கொண்டன. புது லேப்டாப் ஆவுடையக்காவின் மடிக்கு வந்தது. எதிரே நின்றவர் “மூணு வரி மேல” என்றார். அவள் விரல் மேலம்பைத் தேடிக் கீழம்பில் விழுந்தது. மறுபடி தேடியது, மறுபடி விழுந்தது. அவள் திருவரசுவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

சின்ன லேப்டாப்புகளில் மேலம்பும் கீழம்பும் ஒரே ஆள் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கி நிற்பது அன்று முதல்தான். வலது ஷிப்ட் இன்னும் கால் நீட்டித்தான் படுத்திருக்கிறது.

மவுசைக் கழற்றிவிட்டு, மடியில் வைத்து, ஒரே ஒரு மனு. அதைத்தான் அடிக்கச் சொன்னார்கள். அவன் அடிக்கவே இல்லை.