வெள்ளிச்சி இருந்த ஏரி

வட்டமலை ஏரியிலிருந்து சீமைக் கெண்டைகளை அகற்றும் ஆராய்ச்சி தொடங்கிய வருடம், விஞ்ஞானி அமலோற்பவத்திடம் வேலை கற்றுக்கொள்ள ஒருவர் வந்தார். அவருக்கு அறுபத்து மூன்று வயது. அமலோற்பவத்துக்கு முப்பத்தெட்டு.

பெயர் சற்குணம் என்றார். மீன்வளத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவராம். சம்பளம் வேண்டாம், படகில் ஓர் ஓரம் கிடைத்தால் போதும் என்றார்.

"கெண்டையைப் பத்தி என்ன தெரியும் சார்?"

"வளர்க்கத் தெரியும் மேடம்."

"ஒழிக்க?"

"தெரியாது. அதுக்குத்தான் வந்தேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னாள்.

சீமைக் கெண்டை சேற்றில் வாயைப் புதைத்து மேயும். உறிஞ்சும், துப்பும், மறுபடி உறிஞ்சும். அடியில் வேர் பிடித்த கொடியெல்லாம் பிடுங்கிக்கொண்டு மேலே வந்துவிடும். அப்படித்தான் அந்த மலை ஏரி வருடம் முழுக்க டீத்தண்ணீர் நிறத்தில் கிடந்தது. அந்தக் கொடிகளில் முட்டையிட்டு வாழ்ந்த ஒரு சின்ன மீன் உண்டு. விரல் நீளம் இருக்கும். ஊரார் அதை வெள்ளிச்சி என்பார்கள். உலகத்தில் வேறெந்தத் தண்ணீரிலும் அது கிடையாது. அதைக் கடைசியாகப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஓடை வந்து விழும் முனையில் நாலைந்தாவது ஒளிந்திருக்கும், கெண்டை போனால் அவை பெருகும் என்பதுதான் ஆராய்ச்சியின் நம்பிக்கை.

சற்குணம் கற்றுக்கொண்டார். ஒரு கெண்டையைக் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயங்க வைப்பது, ஈரத்துணியில் மல்லாத்திப் பிடிப்பது, வயிற்றில் சிறிதாகக் கீறி, இருக்குமிடத்தைச் சத்தமாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை உள்ளே வைப்பது, இரண்டு தையல் போடுவது. முதல் மீனுக்கு அவர்தான் தைத்தார். பிறகு அதை ஏரியிலேயே விட்டார்கள்.

"இனி?"

"இனி அது நமக்கு வழி காட்டும். குளிர் வந்தா கெண்டையெல்லாம் ஒரே இடத்துல சேரும். இதுவும் போய்ச் சேரும்."

மார்கழி வரை இருவரும் ஆன்டெனாவும் ஹெட்போனுமாகப் படகில் சுற்றினார்கள். ஒரு நாள் காலை, கிழக்கு மூலையில் அந்த மீனின் டிக் டிக் சத்தம் நகராமல் ஒரே இடத்திலிருந்து வந்தது. சுற்றிலும் வலை இறக்கினார்கள். நானூற்றுக்கு மேல் வந்தது. ஊரார் கூடை கூடையாக எடுத்துப் போனார்கள். அந்தக் குவியலுக்குள் தன் தையலைத் தேடிக் கண்டுபிடித்தார் சற்குணம். அமலோற்பவம் சொன்னபடி அடுத்த கூட்டத்தைக் காட்ட அந்த மீனை மட்டும் திரும்பத் தண்ணீரில் விட்டார்.

அன்று கரைக்குத் திரும்பும்போது அவர் கேட்டார்.

"தன்னாலதான் மத்ததெல்லாம் பிடிபட்டுச்சுன்னு அதுக்குத் தெரியுமா மேடம்?"

"கூட்டத்தைத் தேடிப் போகத் தெரியும். அவ்வளவுதான்."

கொஞ்ச தூரம் துடுப்புப் போட்ட பிறகு மேலும் சொன்னாள்.

"தெரிஞ்சவங்க இந்தப் படகுல இருக்கோம்."

இரண்டாவது குளிரில் அதே மீன் வேறொரு கூட்டத்தைக் கண்டுபிடித்தது. அதையும் வாரினார்கள். மூன்றாவது குளிரில் வலைக்கு முப்பது கூடத் தேறவில்லை. தண்ணீர் தெளியத் தொடங்கியது. தென்கரையோரம் கொடி துளிர்த்தது. அதைப் பார்த்த அன்று சற்குணம் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டுப் படகிலேயே குனிந்து கிடந்தார்.

கரையில் பொம்மி என்றொரு பெண் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். கெண்டை குறையக் குறைய அவள் அடுப்பு நாலு நாளைக்கு ஒருமுறைதான் எரிந்தது. ஒரு நாள் அவர்கள் படகை இழுத்துக் கட்டும்போது சற்குணத்தின் முகத்தையே பார்த்தபடி கிட்டே வந்தாள்.

"சின்ன வயசுல உங்களைப் பார்த்திருக்கேன். இதே கரையில. மாலை போட்டுக்கிட்டு நின்னீங்க. லாரியில இருந்து பை பையா கெண்டைக் குஞ்சு இறக்கி ஏரியில விட்டீங்க. இனிமே யாரும் வெறுஞ்சோறு திங்க வேண்டாம்னு சொன்னீங்க."

சற்குணம் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"குடுத்ததும் நீங்க. பறிக்கிறதும் நீங்களா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் கயிற்றைக் கட்டி முடித்தார். அவள் போய்விட்டாள்.

அவர் கரைக்கல்லில் உட்கார்ந்தார். அன்று தனக்கு இருபத்து நாலு வயது என்று அமலோற்பவத்திடம் சொன்னார். மேலிடத்து உத்தரவுதான் என்றாலும் தானே விரும்பிச் செய்தது என்றும், முதல் பையின் வாயைத் தானே அவிழ்த்ததாகவும் சொன்னார். இவ்வளவு நாள் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

"முதல் நாளே தெரியும் சார். ஏரியோட பழைய பதிவேட்டுல உங்க கையெழுத்து இருக்கு."

"தெரிஞ்சுமா என்னைச் சேர்த்துக்கிட்டீங்க?"

"அதே பதிவேட்டுல வெள்ளிச்சியைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. எந்த மாசம் முட்டை போடும், எந்தக் கொடியில போடும், குஞ்சு எங்கே ஒதுங்கும். வேற யாருமே எழுதலை. நான் அதை வச்சுத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

அது ஆறுதலாக இல்லை. அந்த மீனை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவன்தான் அந்தப் பையை அவிழ்த்தான். இரண்டும் ஒரே கை. சற்குணம் தன் கையைப் பார்க்காமல் எழுந்து போனார்.

நாலாவது குளிரில் டிக் டிக் சத்தம் ஓரிடத்திலும் நிலைக்கவில்லை. அந்த ஒற்றை மீன் காலையில் கிழக்கு மூலையில் இருக்கும், மதியம் மேற்கே இருக்கும், மறுநாள் ஓடை முனைக்குப் போகும். பழைய இடமெல்லாம் தேடிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சற்குணம் ஹெட்போனைக் கழற்றாமல் நாற்பது நாள் அதன் பின்னாலேயே போனார். அது யாரையும் காணவில்லை.

அதே சமயம் ஏரியின் பன்னிரண்டு இடங்களில் தண்ணீர் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு மீன் தண்ணீரில் இருந்தால், அது விட்டுப்போகும் தடயத்தை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்துவிடலாம். முடிவு தை மாதம் வந்தது. கெண்டையின் தடயம் இருந்தது. வெள்ளிச்சியின் தடயம் எதிலும் இல்லை. அமலோற்பவம் மறுபடி எடுத்து அனுப்பினாள். மறுபடியும் இல்லை.

மீதி இருந்த ஒற்றைக் கெண்டையைப் பிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. களைத்திருந்தது. இனி அதைத் திரும்ப விடுவதற்கில்லை. தொட்டியில் கிராம்பு எண்ணெயை வழக்கத்தைவிட அதிகமாக ஊற்ற வேண்டும். சற்குணம் பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

"நான் செய்யறேன் சார்."

"இல்ல மேடம். தைச்சவன் நான்."

அவள் பாட்டிலைக் கொடுத்தாள். செவுள் அசைவு நிற்கும்வரை அவர் அதன் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தார். நின்ற பிறகும் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு அவள் படகை ஏரி நடுவுக்குச் செலுத்தினாள். காற்றில்லை. வெயில் நேராக இறங்கியது. அவர் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளிச்சியும் இல்ல. கெண்டையும் இல்ல. பொம்மிக்குப் பிழைப்பும் இல்ல. நாலு வருஷம் நாம என்ன மேடம் செஞ்சோம்?"

அமலோற்பவம் துடுப்பை உள்ளே எடுத்து வைத்தாள். படகின் விளிம்புக்கு நகர்ந்து அவருக்கும் இடம் விட்டாள்.

"பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். மூன்று ஆள் ஆழத்துக்குக் கீழே கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவற்றிடையே கொடிகள் நிமிர்ந்து நின்றன. அவருக்கு இருபத்து நாலு வயதில் இருந்த ஏரி அப்படியே இருந்தது. கொடிகளுக்குள் எதுவும் அசையவில்லை.

"அடி தெரியுது," என்றாள்.

அவர் கொடி கொடியாகத் தேடினார். கண் நிறைந்து எல்லாம் மங்கும்வரை தேடினார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா."

"ஆமா சார்," என்றாள் அமலோற்பவம். "அதுவும் இப்பத்தான் தெரியுது."